காட்டுக் காப்பிக்கு வரன் பார்த்தவர்

மகள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு செடிக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தார்.

விடிந்தும் விடியாத நேரம். ஆராய்ச்சி நிலையத்தின் பசுமைக்குடிலுக்குள் இருவரும் குந்தியிருந்தார்கள். பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. தேனீக்கள் எழுவதற்குள் வேலை முடிய வேண்டும். அப்பா கையில் நாலைந்து மயிர் மட்டும் மிஞ்சிய ஒரு வர்ண பிரஷ். மடியில் மாத்திரை டப்பி. அதற்குள் பஞ்சின் மேல், வேறோர் ஊர்த் தோட்டத்துச் செடியின் மகரந்தம். முந்தைய நாள் அந்த டப்பிக்கு வெயில் படக் கூடாது என்று பஸ்ஸில் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்து, மூன்றாவது முறை மாறும்போது கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“டார்ச்ச ஆட்டாத. பொண்ணு கண்ணு கூசும்.”

“பூவுக்குக் கண்ணு எங்கப்பா இருக்கு?”

“இருந்தா கூசும்ல?”

பூக்களைத் தொட்டு முடித்துக் காகித உறை மாட்டி நூல் கட்டினார்கள். பிளாஸ்கில் இருந்து டீ குடித்தார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அது தெரியாத காரணத்தால் மகள் பாதி டீயைக் கீழே கொட்டிவிட்டு ஆபீசுக்கு ஓடினாள்.

இனி, இனத்துக்கு வருவோம்.

முறைசொல்லி என்று ஓர் இனம் உண்டு. பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் பந்தி வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்து, உங்கள் காது மடலைக் கவனித்து, அப்பா பெயரைக் கேட்டு, அது போதாமல் அவருடைய அப்பா பெயரையும் கேட்டு, அந்தத் தாத்தாவின் இரண்டாவது மச்சினர் ரயில்வேயில் இருந்தாரா என்று விசாரித்து, இல்லை என்று நீங்கள் சொன்னதும் ‘இருந்தார், உனக்குத் தெரியாது’ என்று தீர்ப்பு வழங்கி, அதற்குள் உங்கள் இலை பறிபோய் அடுத்த பந்திக்கு நீங்கள் காத்திருக்கும் நிலை வந்த பிறகு, ‘அப்படிப் பார்த்தா நீ எனக்கு மருமகன் முறை’ என்று தோளில் தட்டுவாரே, அவர்தான். தட்டி விட்டு அவர் சாப்பிடப் போய்விடுவார்.

இவர்களுக்குச் செய்தி வேண்டாம், சுகம் விசாரிப்பு வேண்டாம். வேர் வேண்டும். மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால், பக்கத்துக் கட்டில்காரருக்கும் தமக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். பார்க்கப் போன நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அட, அதைக் கேட்க மறந்துட்டேனே என்பார்கள்.

சாதாரண முறைசொல்லி மனிதர்களோடு நிறுத்திக்கொள்வார். அப்பா அந்த இனத்தின் அரிய வகை. அவர் காப்பிக்கு முறை சொல்வார்.

அவர் வேலை அது. உலகத்தில் காட்டுக் காப்பி இனங்கள் நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. எது எதற்கு அண்ணன், எது எந்தக் காலத்தில் எதை விட்டுப் பிரிந்தது, எது யார் வீட்டில் வளர்ந்தது என்று கண்டுபிடிப்பதற்கு அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டாலும் செய்திருப்பார். ஓய்வு பெற்ற பிறகு செய்தாரே. நிலையத்தின் வாசலில் யாரையும் விடாத காவலாளி அவரை மட்டும் சும்மா விட்டுவிடுவார். ஏனென்றால், அந்தக் காவலாளிக்கு அவர் மாமா முறை ஆகிவிட்டிருந்தார். நிலையத்தில் அவருக்குப் ‘பூர்வீகம்’ என்று பட்டப்பெயர். கோபித்துக்கொண்டதில்லை. இந்தப் பெயரை முதலில் வைத்தவன் யார், அவன் எந்த வழி என்று மட்டும் விசாரித்தார்.

ஒரு முறை வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். ஏஜென்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை வியாதி உண்டா என்று ஆரம்பித்தார். பாவம், யாரிடம் என்ன கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

“நீங்க குடிக்கிறது அராபிகா,” என்றார் அப்பா. “அதோட அப்பா ரோபஸ்டா. முரட்டு ஆளு, எங்க போட்டாலும் பொழச்சுக்குவான். அம்மா யூஜெனியாய்டிஸ். மெலிஞ்ச செடி, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி காட்டுல ரெண்டும் சேர்ந்து பொறந்ததுதான் இந்தப் புள்ள. பொதுவா ஒரு புள்ளைக்கு அப்பா பக்கம் பாதி, அம்மா பக்கம் பாதிதான் வரும். இது ரெண்டு பக்கமும் முழுசா வாங்கிடுச்சு.”

“சொத்தா சார்?”

“குரோமோசோம்.”

ஏஜென்ட் தம்ளரைக் கீழே வைத்தார். அப்பா விடவில்லை. மற்றக் காப்பிகளுக்கு இருபத்திரண்டு, இதற்கு மட்டும் நாற்பத்து நான்கு என்று விளக்கினார். அந்தப் புது மகராசி சொந்தக்காரர் எவரோடும் சேர முடியாமல் தன் மகரந்தத்திலேயே தான் காய்க்கப் பழகிக்கொண்டதையும், அதனால் உலகம் முழுவதும் உள்ள அராபிகாவெல்லாம் ஒரே சின்னக் குடும்பமாகிப் போனதையும், ஒருத்தருக்கு இலையில் துரு நோய் வந்தால் வீடு மொத்தமும் படுத்துவிடும் என்பதையும் சொல்லி முடித்தபோது காப்பியில் ஆடை படிந்திருந்தது.

“இந்தக் குடும்பத்துக்கு நாங்க பாலிசி குடுக்க மாட்டோம் சார்,” என்று சொல்லிவிட்டு ஏஜென்ட் எழுந்து போனார். வந்த காரியத்தை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

அப்பா மட்டும் டீதான் குடிப்பார். சொந்தக்காரர்களை எப்படிக் குடிப்பது என்பார். டீ நமக்கு உறவில்லை. காஃபீன் செய்கிற வித்தையைக் காப்பி தனியாகக் கற்றுக்கொண்டது, டீ தனியாகக் கற்றுக்கொண்டது, ஒரே தொழில் செய்வதாலேயே பங்காளி ஆகிவிட முடியாது என்பார். பக்கத்து வீட்டு வாசலில் பூத்த வெட்சிக்கு மட்டும் நின்று ஒரு தலையசைப்பு உண்டு. வெட்சி, காப்பிக்குத் தூரத்துச் சொந்தம்.

ஒரு நாள் மாலை வீட்டுக்குள் நுழையும்போதே, கையில் ஐஸ்கிரீம் பெட்டியோடு, “பிரிஞ்சவங்க சேர்ந்துட்டாங்க” என்று கூவினார். அம்மா அவசரமாக முகம் கழுவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவளுடைய அண்ணன் வந்திருப்பதாக நினைத்துவிட்டாள். வாசலில் யாரும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக வேறு இனம் என்று ஒதுக்கி வைத்திருந்த சில காட்டுச் செடிகளை, மரபணுவைப் பார்த்த பிறகு காப்பி இனத்திலேயே சேர்த்துக்கொண்டார்களாம். அம்மா ஐஸ்கிரீமைத் தொடவில்லை.

இப்போது பெண்ணுக்கு வருவோம்.

அந்தப் பசுமைக்குடில் செடியை வீட்டில் ‘மூத்தவள்’ என்றுதான் சொல்வார்கள். மகள் பிறப்பதற்கு முன்பே வந்தவள். அப்பா இளவயதில் ஒரு காட்டில், ஓர் ஓடைக்கரையில் கண்டெடுத்த நாற்று. அந்தக் காட்டில் இப்போது ஓர் அணை நிற்கிறது. ஓடையும் கரையும் தண்ணீருக்கு அடியில். அப்படி ஒரு காப்பி வேறெந்தக் காட்டிலும் யார் கண்ணிலும் பட்டதில்லை. எல்லாச் செடியும் தலை தொங்கும் வெயிலில் மூத்தவள் மட்டும் இலை விறைத்து நிற்பாள். அராபிகாவைப் போல் அவள் தன்னிலே தான் காய்ப்பவள் அல்ல. காட்டுக் காப்பிகளில் அநேகம் அப்படித்தான்: தன் மகரந்தம் தன் பூவில் விழுந்தால் ஏற்காது. இன்னொருவர் வேண்டும். மூத்தவளுக்கு அந்த இன்னொருவர் இல்லை. அதனால் ஒரு காய்கூட இல்லை.

சரி, காலம் இருக்கிறது என்று விட்டிருந்தார்கள். பிறகு ஒரு நாள் அடித்தண்டின் பக்கத்தில் மரத்தூள் கிடந்தது. தண்டுத்துளைப்பான் புழு உள்ளே போய்விட்டது. வயதாகிவிட்டதால் ஒடித்து வைத்த கிளைகளும் வேர் பிடிக்கவில்லை. ஒரு விதை கிடைத்தால் அவள் வம்சம் இருக்கும். கிடைக்காவிட்டால் அவளோடு முடிந்தது.

ஊர் முழுவதற்கும் முறை சொன்னவர் தன் வீட்டுக்கு வரன் தேட இறங்கினார்.

வேறோர் ஊர்த் தோட்டத்தில் ஒரு செடி இருந்தது. அதே பூ, அதே வாசனை. ஆனால் இலை அகலம், கிளை தாழ்வு. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘மூக்கும் முழியும் வேற, இது வேற குடும்பம்’ என்று முடிவு கட்டினார். அவர் முடிவு கட்டினால் கட்டியதுதான். பூக்கிற காலம் வரும்போதெல்லாம் பஸ் ஏறிப் போய் மகரந்தம் கொண்டுவந்தார். காய் பிடிக்கவில்லை. முதல் வருஷம் பிரஷ்மீது பழி. இரண்டாம் வருஷம் பஸ்ஸின் ஏசிமீது. அடுத்தது, டார்ச் பிடித்த மகள்மீது.

மகள் வேலை பார்ப்பது, காப்பித்தூளில் கலப்படம் கண்டுபிடிக்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில். டார்ச்சைக் குறை சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. மூத்தவளின் இலை ஒன்று, மாப்பிள்ளை இலை ஒன்று, இரண்டையும் கொண்டுபோய்ச் சோதித்தாள். மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறுகிற இடங்கள் உண்டு. கூடப்பிறந்தவர்களுக்கே அவ்வளவு இடமும் ஒத்துப்போகாது. இந்த இரண்டுக்கும் ஒன்றுவிடாமல் ஒத்துப்போயிற்று. அவள் தன் கையைச் சந்தேகப்பட்டாள். ஒரே இலையை இரண்டு குழாயிலும் போட்டுவிட்டோமோ என்று புதிதாக இலை பறித்து மறுபடி செய்தாள். மறுபடியும் அதே.

மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

“அப்பா, மாப்பிள்ள வெளியாள் இல்ல.”

“சொந்தமா?” அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. “எவ்வளவு நெருக்கம்?”

“ரொம்ப.”

“அண்ணன் தங்கச்சியா?”

“அதவிட.”

“அதவிட நெருக்கம் என்னடி இருக்கு?”

“ஒரே ஆளு.”

அப்பா கை சோற்றில் நின்றது. அம்மா அவசரப்படாமல் ரசத்தை ஊற்றினாள்.

“அது நீங்க குடுத்ததுதானே,” என்றாள். “அந்தத் தோட்டத்துப் பெரியவர் ரிட்டையர் ஆனப்போ, எல்லாரும் சால்வ போட்டாங்க, நீங்க இவ கெளையில ஒண்ண ஒடிச்சு ஈரத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனீங்க. என் புதுத் துண்டு. அத மறப்பனா நான்?”

“இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“எங்கிட்ட யாரு கேட்டா? யாரு யாருக்கு என்ன முறைன்னு நீங்கதான் சொல்வீங்க. எனக்குத் தெரிஞ்சது துண்டுதான்.”

முறைசொல்லி ஒருவர் வாயடைத்துப் போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆராய்ச்சி இதழ்களில் படம் போட்டு வெளியிட வேண்டிய காட்சி. காது மடலை வைத்துக் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்கிறவர், கையால் வளர்த்த பெண்ணை வேறு வீட்டு மாப்பிள்ளை என்று நினைத்துக் காலையில் நாலு மணிக்கு எழுந்து பஸ் பிடித்துப் போயிருக்கிறார். அந்தத் தோட்டத்தில் நிழல் அதிகம். நிழலில் இலை அகலமாகும். அவ்வளவுதான் மூக்கும் முழியும்.

கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கா. நான்தான் டார்ச்சு சரியில்ல, பிரஷ் சரியில்லன்னு திரும்பத் திரும்பக் கொண்டு போயிருக்கேன்.”

மகளுக்கு அது மன்னிப்பாகவே பட்டது. அதற்குமேல் அவள் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இந்த இனத்தாரை அவ்வளவு சுலபமாகக் குப்புறத் தள்ள முடியாது. சாயங்காலத்துக்குள் அப்பா எழுந்துவிட்டார். மூத்தவளைக் கண்டெடுத்த அந்தக் காட்டுப் பயணத்தில் அவருடைய ஹாஸ்டல் தோழர் ஒருவரும் வேடிக்கை பார்க்கக் கூட வந்திருந்தார். இப்போது அவர் பல் டாக்டர். வாசனை பிடித்துப்போய், ஓடைக்கு அக்கரையில் நின்ற ஒரு மரத்தின் பழங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருடைய கிளினிக் வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைப் பூ பூக்கிற ஒரு செடி இருக்கிறது. அப்பா எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறார். ஏதோ வெட்சி வகை என்று, நின்று பார்க்காமலே முறை சொல்லியிருக்கிறார். பல் டாக்டர் வாசலில் யார் நின்று செடி பார்ப்பார்கள்? காதெல்லாம் உள்ளே ஓடுகிற மெஷின் சத்தத்தில் அல்லவா இருக்கும்?

அக்கரைப் பழம் என்றால் வேறு விதை. வேறு விதை என்றால் வேறு ஆள். இந்த முறை துண்டு எதுவும் குறுக்கே இல்லை.

“அக்கர மரமும் நம்ம பொண்ணோட அப்பா மரமும் கூடப் பொறந்ததா இருக்கணும்,” என்று அறையின் குறுக்கே நடந்துகொண்டே கணக்குப் போட்டார். “அப்படிப் பாத்தா, பல் டாக்டர் வீட்டுப் பையன் இவளுக்கு அத்தப் புள்ள. முறை மாப்பிள்ள.”

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “ஒரே பூவுல ஆணும் பொண்ணும் ரெண்டும் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“அப்போ அந்த அக்கர மரம் இவளுக்கு அத்தையா, பெரியப்பாவா?”

அப்பா நின்றுவிட்டார். அத்தை என்றால் மாப்பிள்ளை. பெரியப்பா என்றால் அண்ணன்.

“இப்போதைக்கு அத்தைன்னு வச்சுக்க,” என்றார்.

மகள், எதுவானாலும் முதலில் ஓர் இலை கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றாள். தானே போய் வாங்கி வருவதாகவும் சொன்னாள். அது மரியாதை இல்லை, பெண் வீட்டுப் பெரியவர் நேரில் போக வேண்டும் என்று அப்பா மறுத்துவிட்டார். காரணம் அதுவல்ல என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிளினிக்கிலிருந்துதான் அவர் பாதி ரூட் கேனல் செய்துகொண்டிருக்கும்போது, ஊசிக்கும் ஊசிக்கும் இடையில், பாத்ரூம் போய்வருகிறேன் என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டவர். அன்றிலிருந்து நண்பர் இருக்கும் தெரு வழியாகக்கூட நடப்பதில்லை. அட்டை கடிக்கும் காட்டில் வாரக்கணக்கில் நடந்தவர்தான். அது வேறு, இது வேறு.

இந்த வாரம் போகிறேன் என்றார். இந்த வாரம் மழை என்றார். சனிக்கிழமை கூட்டமாக இருக்கும் என்றார். அடுத்த வாரம் கட்டாயம் என்றார்.

அடுத்த வாரம் வருவதற்குள் இறந்துபோனார். மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில். அதில் விவரிக்க ஒன்றும் இல்லை.

துக்க வீடுதான் முறைசொல்லிகளின் மேய்ச்சல் நிலம். எங்கெங்கிருந்தோ வந்தார்கள். நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, உனக்குச் சித்தப்பா முறை, எதுவானாலும் தயங்காமல் கேள் என்றார்.

“இல்ல,” என்றாள் மகள். யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகத் திறந்துவிட்டது. “உங்கம்மா எங்க தாத்தாவோட தங்கச்சி. நீங்க அப்பாவுக்கு அத்தப் புள்ள. எனக்குச் சித்தப்பா இல்ல, மாமா.”

அம்மா அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்கும் வந்துடுச்சா?” என்றாள்.

வருகிற வியாதிதான் இது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதுவரை சிரித்துக்கொண்டே படித்தீர்கள்; நல்லது. உங்கள் மாமனாரை நினைத்துக்கொண்டீர்கள், அதுவும் சரி. ஆனால் மேலே அந்த அக்கரை மரம் வந்த இடத்தில், அது அத்தைதானா, பெரியப்பா ஆகிவிடுமோ, பெரியப்பாவாக இருந்தால் இந்தச் சம்பந்தம் கூடாதே என்று ஒரு நிமிடம் நிறுத்திக் கணக்குப் போட்டீர்களா இல்லையா? துக்க வீட்டுக்கு வந்தவர் சித்தப்பாவா மாமாவா என்று மனதுக்குள் சரிபார்த்தீர்களா இல்லையா? பார்த்திருந்தால், அடுத்த பந்தி வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் ஜாக்கிரதையாக இருக்கட்டும்.

மூத்தவளின் அடியில் தினமும் கொஞ்சம் மரத்தூள் விழுகிறது. மகள் சில வாரமாக அவளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் காயப்போட்டிருந்தாள். காப்பி மொட்டுகள் அப்படித்தான். காய்ந்து கிடந்து, பிறகு நன்றாக நனைந்தால், சில நாளில் எல்லாம் ஒன்றாக மலரும். முந்தாநாள் மழை பெய்தது. ஊரில் மழை பெய்தால் கிளினிக் வாசலிலும் பெய்யும். மகள் குடத்தை எடுத்துக்கொண்டு போய், மூத்தவளுக்கும் அன்றே வேர் நனைய ஊற்றினாள். இன்று காலை கிளினிக்குக்குப் போன் செய்தாள். அப்பா இறந்த செய்தியை அந்த நண்பருக்குச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அந்தப் பெயரை எடுத்தே எத்தனையோ நாளாயிற்று.

வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தாள். மகள் அப்பாவின் பெயரைச் சொன்னதும் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

“ஓ, பாத்ரூம் போனவரா. இன்னும் டாக்டர் சொல்லிச் சிரிப்பாரு மேடம். எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?”

“அவர் வர மாட்டார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வலி வந்தா தானா வருவாங்க.”

 “உங்க வாசல்ல ஒரு செடி இருக்குமே, பூத்திருக்கா?” என்று கேட்டாள் மகள்.

“மொட்டா இருக்கு. ஏன் மேடம்?”

“அது பூக்கற அன்னிக்கு நான் வர்றேன். டாக்டர்கிட்ட ஒரு விஷயமும் சொல்லணும். அப்பா வந்து சொல்ல வேண்டியது.”

“சரி மேடம். பூத்ததும் போன் பண்றேன்.” பேனா ஓடும் சத்தம் கேட்டது. “வரும்போது பெரியவரோட பழைய எக்ஸ்ரேய எடுத்துட்டு வந்துடுங்க. பாதியில நிக்கிற வேல, இந்தத் தடவ முடிச்சிரலாம்.”